நாகையா குரூப்புக்கு வந்தது

எட்டிக்குப்பத்தில் நாகையாவைத் திட்டாத பெண் ஒருத்தி கூடக் கிடையாது. குழாயில் வெறும் காற்று வந்தால் திட்டுவார்கள். குடம் நிரம்புவதற்குள் தண்ணீர் நின்றால் திட்டுவார்கள். சீக்கிரமாகத் திறந்துவிட்டால் தூக்கத்தைக் கெடுத்தான் என்று அதற்கும் திட்டுவார்கள். எல்லாம் நேருக்கு நேர்தான். வால்வு திருப்புகிற நீளமான இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் தெருவில் வருவார். வாசலுக்கு வாசல் ஒரு குரல் எழும்பும். அவரும் வாயை மூடிக்கொண்டு போகிறவர் இல்லை. 'ஒன் கொடத்துல ஓட்ட கீது, அத்த மொதல்ல அடைச்சிட்டு வா' என்று ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். தெருக் கடைசிக்கு வரும்போது, முதல் வாசலில் திட்டியவளே கூப்பிட்டு ஒரு சொம்பு மோர் கொடுப்பாள். பத்தொன்பது வருஷமாக அந்த ஊருக்கும் அதன் தண்ணீருக்கும் நடுவில் பேச்சுவார்த்தை இப்படித்தான் நடந்தது.

ஊர் ஆந்திராவில் இருக்கிறது. பாலசமுத்திரத்துக்குத் தெற்கே, கரும்பும் வேர்க்கடலையும் தாண்டி, இரண்டு கரடுகளுக்கு நடுவில். அந்தப் பக்கத்துக் கரட்டில் ஏறி இறங்கினால் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. ஒரு தலைமுறைக்கு முன்பு வரை எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் கூலி செய்தவர்கள். இப்போது ஆளுக்கு ஓர் ஏக்கர், ஒன்றரை ஏக்கர் பட்டா. அதில் மாங்கன்று வைத்து, வைகாசியில் ஜூஸ் ஃபேக்டரிக்கு லாரி ஏற்றுகிறார்கள். பிள்ளைகள்தான் ஊரில் தங்கவில்லை. பெங்களூர், சென்னை, திருப்பதி, குவைத் என்று போய்விட்டார்கள்.

போன பிள்ளைகளுக்காக வந்ததுதான் அந்த வாட்ஸ்அப் குரூப். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் பவன்குமார் ஆரம்பித்தது. 'எட்டிக்குப்பம் குடும்பம்' என்று பெயர். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அதில் இருந்தார்கள். பாதிக்கு மேல் வெளியூர். தமிழ் பேசத்தான் தெரியும், எழுதத் தெரியாது என்பதால் எல்லாரும் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவார்கள். ஊரில் இருக்கிற பெண்களிடமும் போன் இருந்தது. பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது. பேரப்பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்கும், வருகிற படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதற்கும் அவர்களுக்குத் தெரியும். எழுத வராது. நாகையாவிடம் பட்டன் போன்தான் இருந்தது.

2018 மே மாதம். கெங்கம்மா ஜாத்திரைக்கு இரண்டு நாள் இருக்கும்போது போர்வெல் மோட்டார் கருகிப்போனது. விருந்தாளிகள் வந்து இறங்குகிற நேரம். நாகையா மூன்று ஆட்களைச் சேர்த்துச் சங்கிலி போட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்து, மோட்டாரைக் கழற்றி, ஆட்டோவில் சித்தூருக்குக் கொண்டு போனார். காயில் சுற்றும் கடையில் அவருக்கு முன்னால் பதினோரு மோட்டார்கள் வரிசையில் நின்றன. கோடை காலத்தில் எல்லா ஊர் மோட்டாரும் ஒன்றாகத்தான் சாகும். கடைக்காரரிடம் ஜாத்திரை என்று சொல்லிக் கெஞ்சி, அங்கேயே பெஞ்சில் குந்திக்கொண்டு, மறுநாள் விடிவதற்குள் வாங்கி வந்துவிட்டார். வெயில் ஏறுவதற்குள் மோட்டாரை உள்ளே இறக்கி, பத்து மணிக்கு ஸ்விட்ச் போட்டார்.

டேங்க் நிரம்ப நாலு மணி நேரம் ஆகும். அதுவரை அவர் அங்கேயேதான் இருந்தாக வேண்டும். மூன்று பேஸ் கரண்ட்டில் ஒன்று போனாலும் மோட்டார் மறுபடி கருகும். உடனே நிறுத்த ஆள் வேண்டும். அதனால் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே, புங்கமர நிழலில், துண்டை விரித்துப் படுப்பார். தூங்கினாலும் மோட்டார் ஓசை காதில் ஓடிக்கொண்டிருக்கும். ஓசை மாறினால் எழுந்துவிடுவார். அன்றைக்கும் அப்படித்தான் படுத்தார். இரண்டு நாள் கண் மூடாததால் வாய் திறந்து, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக விழுந்து கிடந்தார்.

ஜாத்திரைக்கு வந்திருந்த பவன்குமார் அந்த வழியாக பைக்கில் வந்தான். வீட்டில் பெங்களூர்ச் சம்பந்தி வீட்டார் ஒன்பது பேர், கக்கூசுக்குத் தண்ணீர் இல்லை. காலையிலிருந்து அந்தக் கோபம் அவனுக்குள் இருந்தது. பைக்கை விட்டு இறங்கக்கூட இல்லை. ஒன்பது நொடிக்கு ஒரு வீடியோ எடுத்தான். ஊர் தண்ணி இல்லாம சாவுது, வாட்டர்மேன் தூங்கறாரு என்று எழுதி குரூப்பில் போட்டான். அவ்வளவுதான் அவன் செய்தது. பிற்பாடு அவன் சொன்னதும் அதுவே: ஊருக்குள்ளே இருக்கும், பார்த்துவிட்டு யாராவது அவரை எழுப்புவார்கள் என்று நினைத்தானாம்.

குவைத்தில் டிரைவராக இருக்கும் சந்திரன் அதை எடுத்து, தெலுங்கில் காரமாக நாலு வரி எழுதி, மாவட்டத்துச் செய்திகள் போடுகிற ஒரு ஃபேஸ்புக் பக்கத்துக்கு அனுப்பினான். சாயங்காலத்துக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.

ஊர்த் தண்ணீரைக் கவனிக்கிற பாலசமுத்திரம் ஆபீஸில் அந்த வருஷம்தான் புது ஏற்பாடு வந்திருந்தது. ஜனங்கள் போனில் போடுகிற புகாருக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும். போடாவிட்டால் மேலிடத்துத் திரையில் அந்த ஆபீஸ் பெயர் சிவப்பில் தெரியும். ஆபீசர் கெட்டவர் இல்லை. மேலேயிருந்து இரண்டு முறை போன் வந்ததும், விசாரணை முடியும்வரை நாகையாவை வேலைக்கு வரவேண்டாம் என்று ஓர் ஆர்டர் அடிக்கச் சொன்னார். அடித்தவள் தேவசேனா, கம்ப்யூட்டர் ஆபரேட்டர். நகரியில் பவர்லூம் ஓட்டும் வேதாச்சலத்தின் மகள். அவள் ஆர்டரைப் படம் பிடித்து அந்தப் பக்கத்திலேயே பதிலாகப் போட்டாள். 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று கீழே எழுதினாள். எண்ணூறு பேர் கைதட்டினார்கள். சிவப்பு பச்சையானது. இரண்டு மணிக்கே டேங்க் நிரம்பி, மூன்று மணியிலிருந்து எட்டிக்குப்பத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது கைதட்டியவர்கள் யாருக்கும் தெரியாது.

பஞ்சாயத்துக் காரியதரிசி வந்து சாவியைக் கேட்டபோது நாகையா களி தின்றுகொண்டிருந்தார். யார் புகார் கொடுத்தது என்று கேட்டார். காரியதரிசிக்குச் சொல்லத் தெரியவில்லை; போனில் வந்தது என்றார். எங்க வூட்டாண்ட யாரும் வரலியே என்றார் நாகையா. அதை அவர் மூன்று தரம் சொன்னதாக அவர் மனைவி செல்லியம்மா பிறகு எல்லாரிடமும் சொன்னாள். சாவியைக் கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டு, மிச்சக் களியைத் தின்னாமல் எழுந்துவிட்டார்.

அவர்கள் மகள் சந்தியா திருப்பதிக்குப் பக்கத்தில் ஒரு ஃபேக்டரியில், செல்போனுக்கு ஸ்பீக்கர் வைக்கிற வரிசையில் வேலை செய்கிறாள். ஹாஸ்டலில் தங்கல். கேன்டீனில் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் இருந்த வேதுருகுப்பத்துப் பெண் சிரித்துக்கொண்டே காட்டினாள், இதோ பாரு எங்க ஜில்லா வாட்டர்மேன் என்று. சந்தியா முழுதாகப் பார்த்தாள். எங்க நைனா என்று மட்டும் சொன்னாள். ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் காலை பஸ்ஸில் ஊருக்கு வந்துவிட்டாள்.

வரும்போதே பஸ்ஸில் குரூப்புக்கு நீளமாக எழுதிவிட்டிருந்தாள். மோட்டார் கருகியது, சித்தூர் போனது, காவல் இருந்தது எல்லாம். அவங்க பொண்ணு வேற இன்னா சொல்லும் என்று ஒருத்தன் எழுதினான். இன்னொருத்தன் சிரிப்பு பொம்மை போட்டான். அதற்குக் கீழே பத்து சிரிப்பு பொம்மை.

செல்லியம்மா கொடுக்காப்புளி மரத்தடியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நாகையா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் அந்தப் படத்தைக் காட்டச் சொன்னார். தான் தூங்குவதை அவர் அதுவரை பார்த்ததில்லை. இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தார். இம்மாம் நரை எப்ப வந்துச்சு என்றார். பிறகு, கீழே எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னார். சந்தியா வேண்டாம் என்றாள். படி, என் மூஞ்சுக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே அதெல்லாம், படி என்றார்.

அவள் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: யாரு? தெரியாத பேருக்கெல்லாம் கையை ஆட்டித் தள்ளிவிட்டார். தெரிந்த பேர் வந்தால் நிறுத்தச் சொல்வார். இவன் முனிசாமியோட ரெண்டாவது புள்ள, கல்யாணத்துக்கு மூணு நாள் தனியா தண்ணி வுட்டேன். இவன் கோயில் தெரு, அவங்க அப்பன் செத்தன்னிக்கி ராவும் பகலும் கொழாய மூடல. இவ நாகபூஷணம் மருமவ, சென்னையில கீறா, எட்டிக்குப்பம் தண்ணிய ஒரு கொடம் புடிச்சதில்ல. கோபம் இல்லை. வீடு வீடாக நடந்து போவதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தார்.

சந்திரன் எழுதியது வந்ததும் சந்தியா தயங்கினாள். குடித்துவிட்டுக் கிடக்கிற இந்த ஆளுக்கு சம்பளம் ஒரு கேடா என்று இருந்தது.

நாகையா போனை விட்டு அவளைப் பார்த்தார்.

"குடிச்சிட்டா?" என்றார். "போன வாட்டி வந்தப்போ எனக்கு சென்ட்டு பாட்டில் குடுத்தான்மா அவன். இங்கதான் குந்திகினு கத பேசிகினு இருந்தான். எம் மேல இன்னா கோவம் அவனுக்கு?"

"கோவம் ஒண்ணியும் இல்ல நைனா. கையில போனு கீது, எழுதறாங்க."

"கோவம் இல்லாமயா திட்டுவாங்க?"

சந்தியா போனை அணைத்துவிட்டாள். செல்லியம்மா கீரையை முறத்தோடு தள்ளிவிட்டு எழுந்தாள். சந்திரனின் அம்மா இவளிடம் ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தாள். அதைத் தைக்காமலே கொண்டுபோய் அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. செல்லியம்மா பேசாமல் போனதைத்தான் தெரு முழுக்கப் பயந்து பார்த்தது.

இதற்கிடையில் வால்வு திறக்க சிட்டிபாபு என்று ஒரு ஆளை அடுத்த ஊரிலிருந்து அனுப்பினார்கள். நல்ல பையன்தான், முப்பது வயது, கூப்பிட்ட குரலுக்கு வருவான். ஆனால் எட்டிக்குப்பம் மேடும் பள்ளமுமான ஊர். கீழ்த்தெருவை மூடிவிட்டு மேட்டுத்தெருவைத் திறக்க வேண்டும். அதிலும் காற்று வெளியேற கோயில் பக்கத்துக் குழாயை முதலில் அரைச் சுற்று விட வேண்டும். அது எந்த ஆபீஸ் காகிதத்திலும் இல்லை. சிட்டிபாபு எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தான். கீழ்த்தெருவில் சாக்கடை வரை தண்ணீர் ஓடியது. மேட்டுத்தெருவில் நாலு நாள் சொட்டு இல்லை. அக்னி நட்சத்திர வெயில். பெண்கள் மாந்தோப்புக் கிணற்றுக்கு நடந்தார்கள். நாகையா வீட்டுக்குள்ளேயே இருந்தார். மோட்டார் ஓடும் ஓசை வீடு வரை கேட்கும். அது கேட்கும்போது பேச்சை நிறுத்திவிடுவார். ஒருநாள் ஓசை கொஞ்சம் இழுத்தபோது எழுந்து வாசல் வரை ஓடிப் பிறகு நின்றார். செல்லியம்மா அவரைப் பார்க்காததுபோல அடுப்பை ஊதினாள்.

ஜாத்திரை முடிந்து பவன்குமார் பெங்களூர் திரும்பிவிட்டிருந்தான். ஐந்தாம் நாள் மத்தியானம் அவன் அம்மா பிரேமலதா வந்தாள். மேட்டுத்தெருக்காரி. நாகையாவை அண்ணா என்று கூப்பிடுகிறவள்; பிள்ளைக்கு அவர் மாமா. அந்த வீடியோவை அவளும் பார்த்திருந்தாள், எழுத்தைப் படிக்கத் தெரியாததால் யாரோ விளையாட்டுக்குப் போட்டது என்று நினைத்திருந்தாள். தன் பிள்ளை போட்டது என்று அன்றைக்குக் காலையில் கிணற்றடியில்தான் தெரிந்ததாம். இடுப்பில் காலிக் குடம், கையில் போன். கிணற்றிலிருந்து நேராக இங்கே வந்திருக்கிறாள். உள்ளே வரச்சொல்லி செல்லியம்மா கூப்பிடவில்லை. பிரேமலதாவும் எதிர்பார்க்கவில்லை.

"அண்ணி, நான் ஒங்கிட்ட மன்னிப்பு கேக்கறதுக்கு வர்ல" என்றாள். "எல்லாரும் பாத்தாங்க இல்ல, நான் பேசறது எல்லாருக்கும் கேக்கணும். சந்தியா, எனுக்கு எழுத வராது. பேசறதுக்கு எங்க அழுத்தணும், காட்டு."

சந்தியா மைக் படத்தைக் காட்டினாள். விரலை எடுக்காமல் பேச வேண்டும், எடுத்தால் போய்விடும் என்றாள். பிரேமலதா குடத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"பவனு, அம்மா பேசறேன். எல்லாருக்கும் கேக்கட்டும்னுதான் இதுல பேசறேன். அன்னிக்கி அந்தப் படத்தப் போட்டுட்டு வூட்டுக்கு வந்த. மூணு மணிக்குத் தண்ணி வந்துச்சு. ரெண்டு பக்கெட்டு மோந்து குளிச்ச, துண்டு குடுத்தது நானு. அந்தத் தண்ணி எப்பிடி வந்துச்சுன்னு நீயும் கேக்கல, நானும் சொல்லல. நாகையண்ணன் ரெண்டு நாளு சித்தூருக்குப் போயி, காவல் குந்தி, வெயில் ஏறதுக்குள்ள மோட்டார எறக்கி வுட்ட தண்ணிடா அது. குடிச்சிட்டுக் கெடந்தாருன்னு ஒருத்தன் போட்டுக்கிறானாம். அவரு குடிய வுட்டு பன்னெண்டு வருசம் ஆவுது. ஊர்ல இருந்தா தெரியும். நீ படிச்ச புள்ள, ஒனக்கு நான் சொல்லக் கூடாது. சொல்லிட்டேன்."

விரலை எடுத்தாள். போய்விட்டதா என்று கேட்டாள். போய்விட்டது என்றாள் சந்தியா. பிரேமலதா வாசல்படியிலேயே குந்தினாள். செல்லியம்மா எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். அந்த வீட்டிலும் கிணற்றுத் தண்ணீர்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் மேட்டுத்தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து எங்கே அழுத்துவது என்று கேட்டார்கள். சந்தியா ஆபீஸ் புகார் நம்பரையும் அவர்கள் போனில் ஏற்றிக் கொடுத்தாள். திண்டாட்டம் எல்லாம் தேவசேனாவுக்குத்தான். மறுநாள் காலை அவள் கம்ப்யூட்டரைத் திறந்தபோது அறுபத்து மூன்று குரல் செய்திகள் இருந்தன. எல்லாம் தமிழ். ஆபீசருக்குத் தமிழ் தெரியாது. கேட்டு, தெலுங்கில் எழுதித் தரச் சொன்னார்.

அவள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு மத்தியானம் வரை கேட்டாள். நகரியில் அவள் தெருப் பெண்கள் பேசுகிற அதே பேச்சு. ரத்னம்மா என்று ஒருத்தி சொல்லியிருந்தாள்: "சார், நான் மேட்டுத்தெரு ரத்னம்மா. இந்த நாகையாவுக்கு வாய் ஜாஸ்தி. ஒண்ணு சொன்னா பத்து சொல்லுவான். எங்க வூட்டுக்கு ஒரு நாளும் ஒழுங்கா தண்ணி வுட்டதில்ல. எம் பொண்ணு பிரசவத்துக்கு வந்தப்ப மட்டும், நான் கேக்காமயே ரெண்டு வேளையும் தெறந்தான். அந்தாளையே அனுப்பு. இந்தப் புதுசு எங்களுக்கு வேணாம், திட்டுனா பேசாம நிக்குது."

தேவசேனா முதலில் சிரித்தாள். பிறகு, தான் அடித்த ஆர்டரைத் திறந்து ஒருமுறை படித்தாள். அதில் இருந்த பெயருக்கு ஒரு தெருவும் அதில் இத்தனை வாசல்களும் இருக்கும் என்று அடிக்கும்போது அவள் நினைக்கவில்லை. திட்டுகளைத் தெலுங்கில் எப்படி எழுதுவது என்று தெரியாமல், திட்டாகவே எழுதினாள். ஒன்றையும் மாற்றவில்லை.

ஆபீசர் பன்னிரண்டு பக்கத்தையும் படித்தார். இது புகாரா, சிபாரிசா என்று கேட்டார். புகார்தான் சார், அறுபத்து மூன்றும் புகார், ஆனால் எல்லாரும் அவரைத்தான் கேட்கிறார்கள் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அதில் பெண்கள் சொல்லியிருந்த சித்தூர் காயில் கடைக்குப் போன் போட்டு விசாரிக்கச் சொன்னார். ஒரு வாரத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய போன் அது என்று அவரே சொன்னதாக தேவசேனா பிற்பாடு சொன்னாள்.

நாகையாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அந்த ஃபேஸ்புக் பக்கத்தில் அந்தச் செய்தியையும் தேவசேனா போட்டாள். நாற்பது பேர் பார்த்தார்கள். பவன்குமார் அம்மாவின் குரல் கேட்ட அன்றே வீடியோவை அழித்துவிட்டான். ஆனால் அது அவன் கையில் இல்லாத எத்தனையோ இடங்களில் இருந்தது, இன்றும் இருக்கும்.

ஆபீஸ் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. தினமும் எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்று குரூப்பில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சந்தியா தன் பழைய போனை அவருக்குக் கொடுத்தாள். முதல் நாள் அவர் போனைக் கை நீட்டம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தெருவில் கூவுவது போலக் கூவினார்: "கீழ்த்தெரு அஞ்சரைக்கு. மேட்டுத்தெரு ஆறேகாலுக்கு. கொடத்த இப்பவே கழுவி வைங்க, அப்புறம் என்னைச் சொல்லாதீங்க." குவைத்திலும் பெங்களூரிலும் தூக்கக் கலக்கத்தில் அதை அழுத்திக் கேட்டவர்கள் அலறியடித்து எழுந்தார்கள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஏழு பேர் எழுதினார்கள். அவர் குறைக்கவில்லை. ஒரு மாதத்தில் அது பழகிவிட்டது. சந்திரன் மட்டும் தினமும் ஒரு கும்பிடு பொம்மை போடுவான், வேறொன்றும் எழுதமாட்டான். செல்லியம்மா அவன் அம்மாவோடு ஆடி மாதம்தான் பேசினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சந்தியா ஊருக்கு வந்திருந்தாள். வாசலில் உட்கார்ந்து மூன்று பேரும் தோசை தின்றுகொண்டிருக்கும்போது குரூப்பில் பவன்குமார் எழுதியது வந்தது. நீளமான கடிதம். தான் இறங்கிப் பார்த்திருக்க வேண்டும், கேட்டிருக்க வேண்டும், மாமாவிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதியிருந்தான். இத்தனை நாள் ஊருக்கு வர முகமில்லை என்றும் எழுதியிருந்தான். சந்தியா படித்துக் காட்டினாள். அதற்குள்ளாகவே இதயமும் கைதட்டும் வரிசையாக விழ ஆரம்பித்திருந்தன. யாரோ சூப்பர் ப்ரோ என்று போட்டிருந்தான்.

நாகையா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். போனை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்ளோ பேருக்கும் கேக்காம, அவனுக்கு மட்டும் போவணும். எங்க அழுத்தறது?"

சந்தியா அவன் பெயரைத் தனியாகத் திறந்து கொடுத்தாள். அவர் போனை எடுத்துக்கொண்டு முருங்கை மரம் வரை நடந்து போனார். அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வழக்கமாகக் கூவுகிற மனுஷன், சொன்னதில் ஒரு வார்த்தைகூட வாசலுக்கு எட்டவில்லை. சீக்கிரமே திரும்பி வந்து உட்கார்ந்தார்.

இன்னா சொன்ன என்று செல்லியம்மா கேட்டாள்.

"துன்னியான்னு கேட்டேன்."

"அம்மாந்தானா?"

"பதில் வரட்டும்" என்று சொல்லி, போனைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.